வளரும் பிள்ளைகளும் சாப்பாட்டுத் தட்டும்



நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் சொற்பொழிவு முடிந்து காபி வழங்கப்படும் நேரத்தில் வீட்டுச் செய்திகள் பல காதில் விழும். விலைவாசிக்கும் வீட்டு வாடகைக்கும் அடுத்தபடியாக மிகுதியாகப் பேசப்படுவது பிள்ளைகளின் சாப்பாடு. ஒரு வீட்டில் மகன் காலையில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பள்ளிக்கு ஓடுகிறான். இன்னொரு வீட்டில் மகள் ஆறு மாதமாக இரவு உணவைத் தொடுவதில்லை. வேறொரு வீட்டில் கொடுத்தனுப்பிய டப்பா கொடுத்தபடியே திரும்பி வருகிறது. மாலையில் சிப்ஸ் பொட்டலம் மாத்திரம் காலியாகிறது. "பத்து வயது வரை போட்டதைத் தின்ற பிள்ளைதானே, இப்போது என்ன வந்தது?" என்று கேளாத பெற்றோர் இல்லை.

அந்தக் கேள்வியையே இம்மாதம் இப்பகுதிக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன். நான் வைத்தியன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, நாகபுரி ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதும் குமாஸ்தா. அந்த வேலை எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. பார்சலின் மேல் ஒட்டிய சீட்டில் ஒன்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது வேறாக இருக்கும். "எனக்குப் பசியில்லை", "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று பிள்ளைகள் சொல்வதும் மேலே ஒட்டிய சீட்டுத்தான். உள்ளே வெட்கம் இருக்கலாம், கோபம் இருக்கலாம், தனிமை இருக்கலாம், சில சமயம் நோயும் இருக்கலாம். சீட்டைப் படித்த மாத்திரத்தில் சண்டைக்குக் கிளம்பாமல், கட்டை அவிழ்த்துப் பார்க்கும் பொறுமை பெற்றோருக்கு வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் உடம்பின் கணக்கைப் பார்ப்போம். 10 வயது முதல் 19 வயது வரையுள்ள காலத்தை உலக சுகாதார நிறுவனம் குமரப் பருவம் என்று வகுத்திருக்கிறது. மனிதன் தன் முழு வளர்ச்சியில் அடையும் எடையில் ஏறத்தாழப் பாதி இந்தக் காலத்தில்தான் சேர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, 16 முதல் 18 வயது வரையுள்ள ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 3,320 கலோரி வேண்டும். பெண்பிள்ளைக்கு 2,500 கலோரி வேண்டும். நாற்காலியில் அமர்ந்து பேனா பிடிக்கும் என்னைப் போன்ற ஆடவனுக்கோ 2,110 கலோரி போதும். அதாவது, தோளுக்கு மேல் வளர்ந்துவரும் மகனுக்குத் தகப்பனைக் காட்டிலும் ஒன்றரைப் பங்கு ஆகாரம் தேவைப்படுகிறது. மாலை ஐந்து மணிக்கு நான்காவது தோசை கேட்கும் பையனைப் பார்த்து, "வயிறா இது, குதிரா?" என்று பரிகாசம் செய்கிறோமே, அவன் கேட்பது பேராசையால் அன்று. எலும்பும் தசையும் கேட்கின்றன. அவன் வாய் அதை எடுத்துச் சொல்லுகிறது.

காலையில் சாப்பிட மறுப்பதற்கும் உடம்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. இப்பருவத்தில் உறக்கத்தை நடத்தும் உள் கடிகாரம் ஓரிரு மணி நேரம் பின்தங்கிவிடுகிறது. இரவில் தூக்கம் பிந்தி வருகிறது. காலையில் உடம்பு எழுந்தாலும் வயிறு எழுவதில்லை. அந்த நேரத்தில் நான்கு இட்லியைத் திணிக்கப் பார்ப்பது, சிக்னல் விழுமுன் வண்டியை நகர்த்துவதற்கு ஒப்பாகும். ஒரு குவளைப் பாலும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து, இட்லியை முதல் இடைவேளைக்குக் கட்டிக் கொடுத்தால் வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் எல்லா வழக்கும் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. பிற மாநிலத்தில் வாழும் நம் பிள்ளைகளுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அது மதிய உணவு மணி அடிக்கும்போது தொடங்குகிறது.

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். தகப்பனாரும் ரயில்வே ஊழியர். எட்டாம் வகுப்பில் எல்லாப் பையன்களும் ரொட்டியும் சப்ஜியும் திறக்கும்போது, என் டப்பாவிலிருந்து நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் கலந்த மணம் எழும். நாலு பேர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். "இட்லி-சாம்பார்" என்பதே அங்கே என் பெயராக இருந்தது. ஒரு வருஷ காலம் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் நின்றபடி சாப்பிட்டேன். டப்பா காலியாக வீட்டுக்கு வந்தது. ஆகவே அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. வியப்பு என்னவென்றால், அதே பொடியும் அதே இட்லியும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எனக்கு அமிர்தமாக இருந்தன. பண்டத்தில் குறையில்லை, அதை யார் முன்னால் திறக்க வேண்டியிருந்தது என்பதில்தான் குறை. பெரியவர்களுக்கு நாக்கில் இருக்கும் ருசி, பதின்மூன்று வயதில் பாதி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் முகத்தில் இருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஒரு கார்டு இருக்கிறார். அவருடைய மனைவி கும்பகோணத்துப் பக்கம். அவர்கள் மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். சென்ற ஆண்டு அவன் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் எடுத்துப் போக மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். பராட்டாதான் வேண்டும் என்றான். தாயாருக்கு மனம் நொந்துவிட்டது. "நம் ஊர்ச் சோறு உனக்குக் கசக்கிறதா? நாளைக்கு என்னையும் வேண்டாம் என்பாய்" என்றார். மூன்று மாதம் தினமும் காலையில் கண்ணீரும் கூச்சலுமாக இருந்தது. டப்பா பல நாள் திறக்கப்படாமலே திரும்பியது.

அப்போது ஊரிலிருந்து பையனின் அத்தை வந்திருந்தார். ஒரு மாலை அவர் பட்டாணி உரித்துக்கொண்டே, சோற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், "பள்ளிக்கூடத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாய், கண்ணு?" என்று மாத்திரம் கேட்டார். பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "யார் பக்கத்திலும் இல்லை, அத்தை" என்றான். விஷயம் அதன் பின்னரே வெளிவந்தது. வகுப்பில் ஆறு ஏழு பையன்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் டப்பாவிலிருந்து மற்றவர் பிட்டு எடுத்துக்கொள்வது வழக்கம். ரொட்டியையும் பராட்டாவையும் பிட்டுக் கொடுக்கலாம். காலை ஆறு மணிக்குக் கட்டிய சாம்பார் சாதம் பன்னிரண்டு மணிக்குக் குழைந்து களியாகிவிடுகிறது. அதை யார் கையில் எப்படிப் பிட்டுக் கொடுப்பது? கொடுக்க ஒன்றும் இல்லாதவன் பிறரிடம் எடுத்துக்கொள்ளக் கூசினான். வட்டத்திலிருந்து தானாகவே விலகிக்கொண்டான்.

தாய் கேட்டது ஊரை மறுக்கும் சொல்லாக. மகன் சொன்னதோ தோழர் வேண்டும் என்ற சொல்லாக. மறுவாரம் முதல் அந்தத் தாயார் அடையும், பொடி தடவிய சிறிய இட்லியும், சில நாள் பராட்டாவும் கொடுத்தனுப்பினார். கூடவே இரண்டு பேருக்கு அதிகமாக வைத்தார். சாம்பார் சாதம் இரவுக்கு வந்தது. இன்று அந்தப் பையன் வட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். பொடி இட்லிக்கு அங்கே கை நீளுகிறது என்றும் கேள்வி.

"பிள்ளைகள் ரொட்டிக்கு மாறிவிட்டால் நம் பழக்கம் அழிந்து போகாதா?" என்று பெரியவர்கள் கவலைப்படுவது நியாயமே. அவர்களுக்கு ஒரு பழைய ஆராய்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் 1918ஆம் ஆண்டு ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் ஒரு சிறிய ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. அவர் 1920களில் எலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், நெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் எல்லாவற்றிலும் நன்றாக வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன. இதனால் நம் சமையல் தாழ்ந்தது என்று ஆகாது. தட்டில் சோறு மலையாகவும் பருப்பும் கீரையும் பாலும் பெயரளவிலும் இருந்தால் எந்த ஊர்ச் சமையலும் பிள்ளையை வளர்க்காது என்பதே பொருள். ஆகவே வீட்டில் கோதுமை நுழைந்தால் ஊர் போய்விட்டது என்று அஞ்ச வேண்டாம். ரொட்டியோடு முருங்கைக்கீரைப் பொரியலும் போகும். நம் கூட்டும் போகும். மகன் விரும்பிக் கேட்டு உண்ணும் ஊர்ச் சமையல் நாலு பண்டமே ஆனாலும், அழுதுகொண்டு விழுங்கும் நாற்பதைவிட அவை நெடுங்காலம் அவனோடு இருக்கும்.

இனி, இதைவிடக் கனமான விஷயத்துக்கு வருகிறேன். கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ ஏறி நாம் ஊருக்குப் போகிறோம். ஊர் வாசலில் கால் வைத்ததும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதல் வரவேற்பு உடம்பைப் பற்றியதாகவே இருக்கிறது. "என்னடி இப்படிப் பருத்துவிட்டாய்?" "வடக்கே சோறே போடவில்லையா, எலும்பும் தோலுமாக இருக்கிறாயே?" "வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாயே, யார் கட்டிக்கொள்வார்கள்?" சொல்பவர்கள் அன்பினாலேயே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு மறந்தும் விடுகிறார்கள். கேட்ட பெண் மறப்பதில்லை. நம் சங்கத்து விழாக்களிலும் இதே பேச்சு நடப்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்லலாம். பெயரும் இடமும் வேண்டாம். பதினாறு வயதுப் பெண். படிப்பிலும் நாட்டியத்திலும் முதன்மையானவள். ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் அவள் இடுப்பைப் பற்றி விளையாட்டாக ஏதோ சொன்னார். அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு நின்றது. பிறகு சாதம் நின்றது. பிறகு எண்ணெய் பட்டது எல்லாம் நின்றது. பரீட்சைக் கவலை என்று தாயார் நினைத்தார். "நல்ல கட்டுப்பாடு" என்று பார்த்தவர்கள் மெச்சினார்கள். அவளோ தம்பிக்கு விதவிதமாகச் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் வெறுந்தண்ணீர் குடித்தாள். ஆறு மாதம் கழித்து நாட்டிய ஒத்திகையில் மயங்கி விழுந்தபோதுதான், மாதவிலக்கு நான்கு மாதமாக நின்றிருந்தது தெரியவந்தது. வைத்தியமும் மனநல ஆலோசனையும் ஓராண்டுக்கு மேலாக நடக்கின்றன. அவள் தேறி வருகிறாள். முழுவதும் தேறிவிட்டாள் என்று இன்னும் சொல்ல முடியாது.

இது செல்வர் வீட்டு நோய் என்றோ, மேனாட்டு நோய் என்றோ ஒதுக்கிவிடக் கூடாது. பசிபிக் பெருங்கடலிலுள்ள ஃபிஜித் தீவில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள பூர்விக மக்கள், உடம்பு பூரித்திருப்பதையே அழகென்றும் செழிப்பென்றும் கருதி வந்தவர்கள். அத்தீவின் ஒரு பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆன் பெக்கர் என்னும் அம்மையார் அவ்வாண்டிலும், மீண்டும் 1998இலும் அங்குப் பள்ளிப் பெண்களை விசாரித்தார். எடையைக் குறைக்கவேண்டி உண்டதை வலிய வாந்தி எடுத்ததாகச் சொன்னவர் முதல் முறை ஒருவரும் இல்லை; மூன்று ஆண்டு கழித்து 100க்கு 11 பேர் இருந்தார்கள். ஊருக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்தே இந்த மாறுதல் என்றால், இன்று ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒளிரும் கைபேசியில் நாள் முழுவதும் ஓடும் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆண்பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். பதினைந்து வயதில் மார்பு விரியவில்லை என்று கண்ணாடி முன் நின்று, கையிலுள்ள காசையெல்லாம் புரதப் பொடி டப்பாவில் கொட்டும் பையன்களை நம் தெருவிலேயே காணலாம். அவர்களுக்கு முட்டையும் பயறும் வேர்க்கடலையும் பாலும் வீட்டிலேயே இருக்கின்றன என்று சொல்லவும் ஆளில்லை.

பட்டினிக்கும் மனநிலைக்கும் உள்ள சம்பந்தத்தைத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்று அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் நடந்தது. ஆன்சல் கீஸ் என்ற அறிஞர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான வாலிபர்களுக்கு ஆறு மாத காலம் அரைவயிற்று உணவே கொடுத்தார். உடம்பு மெலிந்தது எதிர்பார்த்ததே. ஆனால் மனமும் மாறிற்று. சாந்த குணமுள்ளவர்கள் சிடுசிடுத்தார்கள், நண்பர்களை வெறுத்தார்கள், சிரிப்பை மறந்தார்கள், இரவும் பகலும் உணவைப் பற்றியே எண்ணினார்கள், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படிக்கலானார்கள். வயது வந்த ஆடவருக்கே இந்தக் கதி என்றால், வளரும் பெண் எம்மாத்திரம்? "பெண்ணுக்குத் திமிர் வந்துவிட்டது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள்" என்று சொல்லுமுன், அவள் வயிற்றுக்குள் என்ன போகிறது என்று பார்ப்பது நலம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேளை தவறாமல் ஏதேனும் சாக்குச் சொல்லிச் சாப்பாட்டைத் தவிர்ப்பது, சோற்றைத் தட்டில் அளைந்துகொண்டே இருப்பது, உண்டு முடித்த மறுகணமே குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்வது, கோடையிலும் குளிர்கிறது என்பது, தொளதொளத்த உடையால் உடம்பை மறைப்பது, கற்றையாக முடி உதிர்வது, மாதவிலக்கு நின்றுபோவது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் திட்டவும் வேண்டாம், திணிக்கவும் வேண்டாம். வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். ஊர்மொழி தெரியாமல் தவிக்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி: மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

சாப்பிடாத பிள்ளைகள் ஒருபுறம் இருக்க, மனம் வாடும்போதெல்லாம் தின்னும் பிள்ளைகள் மறுபுறம் இருக்கிறார்கள். தாயும் தகப்பனும் வேலைக்குப் போன வீட்டில், மூன்று மணிக்குப் பூட்டைத் திறந்து நுழையும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அன்று வகுப்பில் ஆசிரியர் கடிந்துகொண்டிருப்பார். அல்லது உயிர்த்தோழி பேசாமல் போயிருப்பாள். சொல்லி அழ ஆளில்லை. அலமாரியில் நூடுல்ஸும் சிப்ஸும் இருக்கின்றன. உப்பும் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூடத்திலும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் வெறிச்சோடிய வீட்டுக்குள் எந்த விதியும் நுழைய முடியாது. அங்கே ஒரு கிண்ணம் சுண்டலும் வேகவைத்த வேர்க்கடலையும் இருக்கட்டும்; அதோடு மூன்றரை மணிக்கு அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் போகட்டும். "என்ன தின்றாய்?" என்று தொடங்காமல் "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று தொடங்கும் அழைப்பாக அது இருத்தல் நலம்.

இன்னொரு விஷயம், ஓசையில்லாமல் நம் பெண்களை அரித்துவருவது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்பிள்ளைகளில் 100க்கு 31 பேருக்கு இருக்கிறது. களைப்பு, படிப்பில் மனம் ஊன்றாமை, பசியின்மை, எரிச்சல் எல்லாவற்றுக்கும் இது காரணமாகலாம். சோம்பேறி என்று நாம் ஏசும் பெண்ணின் ரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கக்கூடும். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை இதற்காகவே மாத்திரை கொடுக்கிறார்கள். வாங்கி எறிந்துவிடாமல் விழுங்கும்படி பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். கீரை, பயறு, கேழ்வரகு, எள், புலால் உண்பவர்க்கு ஈரலும் மீனும் என்று வீட்டிலேயே வழியுண்டு. சாப்பாட்டோடு டீ குடிப்பது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சையும் நெல்லிக்காயும் ஆரஞ்சும் அதைச் சேர்த்துக் கொடுக்கும். ஆரஞ்சுக்குப் பெயர்போன ஊரில் குடியிருந்துகொண்டு, சோறு உண்ட கையோடு டீக் குவளையைத் தேடுவது நமக்கு அழகன்று.

இவ்வளவும் சொன்னபின், வீட்டில் செய்யத்தக்கது என்ன என்று கேட்பீர்கள். நான் காண்பது முக்கியமாக ஒன்றே. சாப்பாட்டு நேரத்தை விசாரணை நேரமாக்காதீர்கள். மதிப்பெண், கைபேசி, தலைமுடி, தெரு முனையில் யாரோடு நின்றாய் என்பன போன்ற வழக்குகள் எல்லாம் பிள்ளை தட்டின் முன் உட்கார்ந்தவுடன்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அப்போதுதான் அவன் ஓடிப்போக முடியாது என்று நமக்குத் தெரிகிறது. விளைவு, தட்டைக் கண்டாலே அவனுக்கு நெஞ்சு அடைக்கிறது. வழக்கை வேறு வேளைக்கு ஒத்திவையுங்கள். என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது பெற்றோர் பொறுப்பாக இருக்கட்டும். எவ்வளவு உண்பது என்பதைப் பிள்ளையின் வயிற்றுக்கு விடுங்கள். நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாகப் பிட்சாவையும், குறும்புக்குத் தண்டனையாகப் பட்டினியையும் வைக்காதீர்கள். இனிப்பு பரிசென்றும் கீரை தண்டனையென்றும் கற்றுக்கொண்ட நாக்கு, பின்னர் அதை எளிதில் மறப்பதில்லை.

நம்மில் பலர் முறைவேலைக்காரர்கள். ஓட்டுநர் இரவு வண்டியில் இருப்பார். கார்டு இட்டார்சியில் ஓய்வறையில் இருப்பார். தினமும் குடும்பம் கூடி உண்பது இயலாது என்பதை நான் அறிவேன். வாரத்தில் எத்தனை வேளை முடியுமோ அத்தனை வேளை கூடி உண்ணுங்கள். அது இரவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, காலைக் காபி வேளையாகவும் இருக்கலாம். அந்நேரம் கைபேசி வேறு அறையில் இருக்கட்டும், தகப்பனார் கைபேசி உட்பட. மாதத்தில் ஒரு நாள் அடுப்படியைப் பிள்ளைகளிடம் விட்டுப் பாருங்கள். தானே பிசைந்து தானே சுட்ட அடை கருகியிருந்தாலும் மகன் மிச்சம் வைக்க மாட்டான்.

சங்கத்து நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற பொங்கல் விருந்தில் பதின்வயதுப் பிள்ளைகளைப் பந்தியில் உட்காரவைத்து உபசரிப்பதோடு நில்லாமல், சமையலிலும் பரிமாறுவதிலும் அவர்களுக்குப் பங்கு கொடுங்கள். இலைக்கு ஒரு மராத்தித் தோழனை, ஒரு இந்தித் தோழியை அழைத்துவரச் சொல்லுங்கள். பள்ளியில் எந்த மணத்துக்கு வெட்கப்பட்டார்களோ, அதே மணத்தை இங்கே தம் கையாலேயே தோழருக்குப் பரிமாறட்டும். விருந்துக்கு வரும் பெரியவர்கள் ஒன்று மாத்திரம் காத்துக்கொண்டால் போதும். பிள்ளைகளைப் பார்த்தவுடன் பருமனென்றும் மெலிவென்றும் கறுப்பென்றும் வாய் திறக்காமல், என்ன படிக்கிறாய், என்ன விளையாடுகிறாய் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை பாயசம் கேட்கும் பெண்ணின் இலையில் மறுபேச்சின்றி ஊற்றுங்கள்.